முனுசாமி வீட்டுக்கு மேற்கு

பிரபுவுக்கு,

நீ கூரியரில் அனுப்பிய கவர் போன வாரமே வந்து சேர்ந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது இடம். ஒன்றில்கூட நான் இன்னும் போடவில்லை. தினமும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருகிறேன், கொஞ்ச நேரம் கழித்து எழுந்துவிடுகிறேன். "பேனாவத் தெறந்துக்கினு உக்கார்றீங்க, மூடி வச்சிட்டு எழுந்துடுறீங்க. கைக்கு இன்னா ஆச்சு?" என்று உன் அம்மா கேட்கிறாள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ, "குழப்பிக்காதீங்கப்பா, வக்கீல் பாத்துப்பாரு" என்று சொல்லி வைத்துவிடுவாய். நான் குழம்பித்தான் போயிருக்கிறேன். குழம்பியவன் பேச ஆரம்பித்தால் நடுவில் யாரும் குறுக்கே வரக் கூடாது. அதனால்தான் கடிதம்.

நீ எழுதிய மனுவை நான்கு தடவை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். மயிலத்துக்குப் போகும் வழியில் இருக்கும் நம் ஊரில் என் தாத்தா முனுசாமி அனுபவித்து வந்த பூர்வீக வீடு. என் அப்பா கோவிந்தன், அதாவது உன் தாத்தா, அரிசி மில் வேலைக்காக விழுப்புரம் வந்தபோது வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தனக்கோட்டி என்பவரைக் குடிவைத்தார். அரசாங்கத்தார் ஊர்க் குடியிருப்பு நிலமான நத்தத்தை அளக்க வந்தபோது அந்தத் தனக்கோட்டி அதிகாரிகளை ஏமாற்றித் தன் பேருக்குப் பட்டா வாங்கிக்கொண்டார். ஆகையால் அவர் காலத்துக்குப் பிறகு இப்போது அங்கே இருக்கும் அவர் மருமகள் சகுந்தலா வீட்டைக் காலி செய்து என்னிடம் ஒப்படைக்க வேண்டும். வாதி நான். இதையே எழுதி அவளுக்கு வக்கீல் நோட்டீஸும் முன்பே போய்விட்டது. எல்லாம் நான் உனக்குச் சொன்னதுதான். ஒரு வார்த்தைகூட நீ கூட்டவில்லை. அந்த இடத்தில் வீடு கட்டி எங்கள் இரண்டு பேரையும் குடிவைக்கப் போகிறேன் என்று நீ சொன்னதை உன் அம்மாவிடம் நான் மூன்று தடவை சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப் போவதைப் படித்துவிட்டு, இந்த மனுஷனுக்கு நம் பாசம் புரியவில்லை என்று நீ நினைத்துவிடக் கூடாது.

உனக்கு ஏழு வயதிருக்கும்போது பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போனோம். கூட்டம் அதிகம் என்று பஸ்ஸைக் கூட்டேரிப்பட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். உன்னை நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். நம் ஊர்த் தெரு முனையில் நின்று, "அதோ பாரு, ஓட்டு வீடு, அது நம்மளுதுடா. திருடிக்கினாங்க" என்றேன். நீ குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தாய். நல்ல குறி உனக்கு. கூரையில் பட்டு ஒரு ஓடு உடைந்து கீழே விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். உடைந்த ஓட்டைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் உன்னை அதட்டியிருக்க வேண்டும். மலையடிவாரத்தில் உனக்குப் பஞ்சு மிட்டாய் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய காகிதம் ஏதாவது கிடைத்தால் தேடி வையுங்கள் என்று நீதான் சொன்னாய். ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட நல்ல வேலை ஏது? ஒரு பை, தண்ணீர் பாட்டில், உன் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு என்று திண்டிவனம் தாலுகா ஆபீசுக்குப் போனேன். ஒரு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன், ஏழு தடவை போய் வந்தேன். முதல் நாள் பழைய சர்வே எண் என்று ஒன்று கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு இன்னொரு மேஜைக்குப் போனால் அது மாறிவிட்டது, புது எண் வேறு என்றார்கள். புது எண்ணைக் காட்டினால், அது ஊர் முழுவதுக்குமான எண், உங்கள் மனைக்கு உட்பிரிவு எண் வேண்டும் என்றார்கள். ஒரே வீட்டுக்கு மூன்று எண். ஒரு காகிதத்தில் அளவு அடியில் இருக்கிறது, இன்னொன்றில் மீட்டரில். பெருக்கிப் பார்த்தால் வீடு கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். என் தாத்தா பேரும் இல்லை, என் அப்பா பேரும் இல்லை. கண்டக்டராக இருந்து டைம் கீப்பரானவன் நான். எந்த வண்டி எந்த நிமிஷம் ஸ்டாண்டை விட்டுப் போனது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நம் வீடு எந்தப் பேரில் இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அங்கே பத்திரம் எழுதும் அம்மா ஒருவர் இருக்கிறார். மூன்றாவது தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஐயா, நத்தத்துல இருந்தவங்க முக்காவாசிப் பேரு பத்திரமே போடல. ஊர்ல ஒரு எடம் இருந்தது, ஊடு கட்டிக்கினாங்க, இருந்தாங்க, அவ்ளோதான். உங்க பேர்ல தேடினா நாளெல்லாம் தேடினாலும் வராது. பக்கத்து ஊட்டுக்காரங்க யாராச்சும் வித்தோ, பாகம் பிரிச்சோ எழுதியிருக்காங்களான்னு பாருங்க. அதுல செக்குபந்தின்னு நாலு எல்லையும் எழுதியிருக்கும். உங்க ஆளுங்க அங்கதான் இருப்பாங்க." சொந்த வீட்டைத் தேடுகிறவன் அடுத்த வீட்டுப் பத்திரத்தைப் படிக்க வேண்டும் என்று எனக்கு இத்தனை வயதுவரை தெரியாது.

நம் வீட்டுக்கு மேலண்டை வீடு ஏழுமலையுடையது. அவர் இப்போது வளவனூரில் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மட்டும் மந்தம். நான் அரை டவுசர் போட்ட காலத்திலிருந்து என்னைப் பார்த்தவர். "எங்க ஊட்டுப் பத்திரத்துல உனுக்கு இன்னாடா வேலை?" என்றார். கத்திக் கத்திச் சொன்னேன். புரிந்ததோ இல்லையோ, மகளை விட்டுப் பரண்மேல் இருந்த பிஸ்கட் டின்னை இறக்கச் சொன்னார். உள்ளே நான்கு பத்திரம். அவர் தாத்தா வாங்கியது, பாகம் பிரித்தது, அவர் அப்பா அவருக்கு எழுதி வைத்தது, கடைசியாக அவர் தன் மகளுக்குக் கொடுத்தது. நான்கும் ஒரே வீட்டைப் பற்றியது. நான்கிலும் அதன் எல்லையாக நம் வீடு வருகிறது. எங்கே இருக்கிறது என்று அதில் எழுதுகிற விதமே ஒரு மாதிரி. இன்னாருடைய வீட்டுக்கு மேற்கு, இன்ன தெருவுக்கு வடக்கு என்று இருக்கும். அதாவது விற்கிற வீடு நமக்கு மேற்கே இருக்கிறது என்று அர்த்தம். நான் முதலில் தலைகீழாகப் படித்துவிட்டு, நம் வீட்டைத் தூக்கி ஊருக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டேன். ஏழுமலையின் மகள்தான் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டினாள்.

அந்த நான்கையும் வரிசையாக உனக்கு எழுதுகிறேன், நீயே படித்துப் பார். முதல் பத்திரத்தில், ஏழுமலை வீடு "காசீம் சாயபு வீட்டுக்கு மேற்கு". இரண்டாவதில், "காசீம் சாயபு வீட்டில் குடியிருக்கும் முனுசாமி வாசலுக்கு மேற்கு". மூன்றாவதில், "முனுசாமி வீட்டுக்கு மேற்கு". நான்காவதில், "தனக்கோட்டி வீட்டுக்கு மேற்கு". நடுவில் யாரும் யாரிடமும் வாங்கியதாக எங்கேயும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் பத்திரம் எழுதுகிறபோது யார் அங்கே இருந்தார்களோ அவர்கள் பேர் ஏறியிருக்கிறது. நம் முனுசாமி முதலில் குடியிருப்பவர், அப்புறம் வீட்டுக்காரர். எப்போது, எப்படி மாறினார்? ஏழுமலையைக் கேட்டேன். "யாருக்குடா தெரியும்? சாயபு ஊட்டாளுங்க கடலோரமா போயிட்டாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு. உங்க தாத்தன் வாங்கினானா, பாத்துக்கச் சொன்னாங்களா, அதெல்லாம் யாரு கேட்டா?" என்றார். தனக்கோட்டியைப் பற்றி நாம் மனுவில் எழுதியிருக்கிறோமே, பார்த்துக்கொள்ளச் சொன்ன வீட்டைத் தன்னுடையதாக்கிக்கொண்டார் என்று. அதே கதை இரண்டாவது பத்திரத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் முனுசாமிக்கும் நடந்திருக்குமோ என்று எனக்கு அங்கேயே தோன்றிவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன்.

விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. கடலோரம் என்றால் கோட்டக்குப்பமாக இருக்கும் என்று ஒரு நாள் அங்கேயும் போனேன். உன் அம்மாவிடம் பாண்டிச்சேரியில் கண் பரிசோதனை என்று பொய் சொன்னேன். இரண்டு தெரு விசாரித்து ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். துபாயில் வெகு காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய பெரியவர். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "எங்க தாத்தா பேரும் காசீம்தான். ஆனா இந்தத் தெருவுல மட்டும் அப்ப ஆறு காசீம் இருந்தாங்களே" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "மயிலம் பக்கம் எண்ணெய்க்கு மல்லாட்டை வாங்குற யாவாரம் பண்ணினோம்னு எங்க அத்தா சொல்லுவாரு. ஒரு ஊட்ட யாருக்கிட்டயோ பாத்துக்கச் சொல்லிட்டு வந்ததாவும் சொல்லுவாரு. வித்ததா சொன்னதில்ல. விக்கலன்னும் சொன்னதில்ல" என்றார். சிரித்துக்கொண்டே, "நீங்க இப்ப ஊட்டக் குடுக்க வந்தீங்களா, கேக்க வந்தீங்களா?" என்றும் கேட்டார். "தெரியலைங்க பாய்" என்றேன். அது உண்மையான பதில். அவர் டீ கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். அந்தக் காசீம் இவர் தாத்தாவா, மற்ற ஐந்து பேரில் ஒருவரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இவ்வளவு தூரம் வந்தவன் வீட்டையே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போனேன். கல் எறிந்த நாளுக்குப் பிறகு நான் அந்தத் தெருவுக்குள் போனதே இல்லை. சகுந்தலா வாசலில் கேப்பை காய வைத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து நின்றாள். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். நோட்டீஸ் அனுப்பியவனுக்கு இந்த மரியாதை. தண்ணீரைக் குடித்துவிட்டு, பொதுவாக, "நத்தம் அளந்தப்ப நீ இங்கதான் இருந்தியாம்மா?" என்று கேட்டேன்.

"இருந்தேங்க. கண்ணாலம் ஆயி வந்து ரெண்டு மாசம். அளக்க வந்தவங்களுக்கு நான்தான் மோர் கலக்கிக் குடுத்தேன். எங்க மாமா அந்த ஆபீசருகிட்ட சொல்லிக்கினே இருந்தாரு. 'ஊட்டுக்காரரு மவன் விழுப்புரத்துலேர்ந்து வர்றாரு சார், கொஞ்சம் இருங்க சார், அவரு பேருதான் எழுதணும்'னு. அவங்க மத்த ஊட்டயெல்லாம் அளந்துட்டு இதக் கடைசியா வச்சாங்க. மாமா ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ரோட்டுக்குப் போயி நின்னாரு. வருவாரு, இல்லம்பாரு, மறுபடியும் போவாரு. சாப்புடக்கூட இல்ல. பொழுது எறங்குற வரிக்கும் பாத்தாங்க. அப்பால அந்த ஆபீசரு, யாரு இருக்கீங்களோ அவங்க பேரத்தான் எழுதுவோம்னு சொல்லி எழுதிக்கினு போயிட்டாரு. ஒத்தரும் வரலைங்க அன்னிக்கி."

அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அவளுக்கு இன்னும் ஒரு விஷயம் தெரியாது. வர வேண்டியவன் அன்றைக்கு எங்கே இருந்தான் என்று அவளுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. உன் தாத்தாவுக்கும் தெரியாமலே போய்விட்டது. வர வேண்டியவன் நான்தான் பிரபு.

உன் தாத்தாவுக்கு அப்போது மில்லில் மூட்டை விழுந்து கால் கட்டுப் போட்டிருந்தது. நாளைக்கு அளக்கிறார்கள், நீ போய் நம் பேரைச் சொல்லி எழுத வைத்துவிட்டு வா என்று என்னிடம் சொன்னார். நான் கண்டக்டர் வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு எனக்கு விடுப்பு. காலையில் புறப்பட்டேன், முதலில் திண்டிவனம் போய்க் கூட வேலை பார்க்கும் ஒருவனைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்று. திண்டிவனம் ஸ்டாண்டில் ஒரு புது வண்டி நின்றது. அன்றைக்குத்தான் முதல் ஓட்டம். முன்னால் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சீட்டுக்குப் போட்ட பாலிதீன்கூடக் கிழிக்காமல் இருந்தது. மயிலத்துக்குத் திருவிழா ஸ்பெஷல். அதற்குப் போட்டிருந்த கண்டக்டர் வரவில்லை. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானே போய்க் கேட்டு வாங்கினேன். அதுவரை எனக்குக் கிடைத்தது எல்லாம் ஜன்னல் கண்ணாடி இல்லாத வண்டிகள். புது வண்டியில் முதல் டிக்கெட்டை நான் கிழிக்க வேண்டும் என்று ஆசை. ஒரு நடை போய்விட்டு அப்புறம் ஊருக்குப் போகலாம் என்று நினைத்தேன். ஒரு நடை ஆறு நடை ஆகிவிட்டது. மண்சுவர் வீடுதானே, எங்கே ஓடிப்போகப் போகிறது என்றும் நினைத்தேன்.

அந்த ஸ்பெஷல் நம் ஊர் வழியாகத்தான் போகும். இடையில் நிறுத்தம் கிடையாது. தனக்கோட்டி ரோட்டோரம் நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஒரு தடவை அல்ல, போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். வண்டிக்குக் கை காட்டினார். பஸ்ஸுக்காக நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். டிரைவர் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் டபுள் விசில் கொடுத்தேன், வண்டி போய்விட்டது. எனக்காகத்தான் நின்றார் என்பது இப்போது சகுந்தலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரே ஒரு விசில் அடித்திருந்தால் வண்டி நின்றிருக்கும். அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் உன் தாத்தா கேட்டார், "அளந்தாங்களாடா?" அளந்தார்கள் என்றேன். "பேரு எழுதினாங்களா?" எழுதினார்கள் என்றேன். "தனக்கோட்டி இருந்தானா?" இருந்தார் என்றேன். அது ஒன்றுதான் அதில் உண்மை.

மறு வருடம் பட்டா தனக்கோட்டி பேரில் வந்தது. என் மகன் நேரில் போய்ச் சொல்லியும் பேர் மாறியிருக்கிறது என்றால் இவன்தான் ஏதோ செய்திருக்கிறான் என்று உன் தாத்தா முடிவு கட்டிவிட்டார். தனக்கோட்டி இரண்டு தடவை விழுப்புரம் வந்தார். மாற்றிக் கொடுக்க என்ன வழி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கத்தான் வந்தாராம், அதையும் சகுந்தலாதான் சொன்னாள். நம் வீட்டு வாசலைத் தாண்டி உன் தாத்தா அவரை உள்ளே விடவில்லை. நான் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் உன் தாத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தனக்கோட்டி மூன்றாவது தடவையாக வந்தார். கையில் சாத்துக்குடிப் பை இருந்தது. உன் தாத்தா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனக்கோட்டி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அப்பா, நான் போகவே இல்லை என்று நான்கு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாகப் போகிறவரிடம் சொல்லி அவர் மனதை ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயந்தேன் என்பதுதான் நிஜம். அப்புறம் அந்தப் பொய்யை உனக்கும் சோறு ஊட்டுகிற மாதிரி ஊட்டி வளர்த்துவிட்டேன். உன் மகளுக்கு நீ குடும்பக் கதை சொல்லும்போது, அதில் யாரையாவது திருடன் என்று சொல்ல நேர்ந்தால், அன்றைக்கு நாம் எங்கே இருந்தோம் என்று ஒரு தடவை யோசித்துவிட்டுச் சொல்லு. நான் உனக்குச் சொல்லத் தகுதியுள்ள புத்திமதி இது ஒன்றுதான்.

உன் அம்மாவிடம் முந்தாநாள் எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டக்குப்பம் போனது உட்பட. "புது பஸ்ஸுக்கா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "போயி மொதல்ல அந்தப் பொம்பளகிட்ட சொல்லுங்க" என்றாள்.

நேற்று போனேன். சகுந்தலாவிடம் சொன்னேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் காசீம் சாயபுவில் ஆரம்பித்து, சர்வே எண்ணுக்குப் போய், ஏழுமலை பத்திரத்துக்கு வந்து, என்னென்னவோ உளறினேன். அவள் கேப்பையைத் துழாவிக்கொண்டே கேட்டாள். பஸ்ஸைச் சொன்னபோது கை நின்றது. டபுள் விசிலையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். உள்ளே போய்ச் சாமி படத்துக்குப் பின்னால் மடித்துச் செருகியிருந்த உன் நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் கொடுத்ததிலிருந்து யாரிடமும் காட்டவில்லையாம். பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. மகன் ஓசூரில் கம்பெனியில் இருக்கிறான், மகளைச் செஞ்சிப் பக்கம் கொடுத்திருக்கிறாள். "இதுல எங்க மாமாவத் திருடன்னு எழுதியிருக்குதாங்க?" என்று கேட்டாள். நான் வாங்கிப் படித்தேன். அந்த வார்த்தை இல்லை. அதைவிட மோசமாக இருக்கிறது. ஆமாம் என்றேன்.

"ஊர்ல எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவாங்க. எம் புள்ளைங்க பள்ளிக்கூடம் போறப்பவே கேட்டுக்கினு வந்து அழுவுங்க. மாமா அதுங்களுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, சொன்னா யாரு நம்புவாங்கம்பாரு. நீங்க சொன்னா நம்புவாங்க. ஞாயித்துக்கிழம ரெண்டு பேரையும் வரச் சொல்றேன். அதுங்க எதிர்ல சொல்லுவீங்களா? ஊட்ட அப்பால பாத்துக்கலாங்க."

சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு வந்திருக்கிறேன். வீடு யாருடையது என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை. காசீம் சாயபுவுடையதா, முனுசாமியுடையதா, ஓடு மாற்றி, சுவர் வைத்து, அதில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவளுடையதா? எவ்வளவு படித்தாலும் எனக்குப் புரியப் போவதில்லை. உன் வக்கீலுக்குப் புரியலாம், நீ வேறு யாரையாவது கேட்டுப் பார்க்கவும் செய்யலாம், நான் தடுக்கவில்லை. ஆனால் இந்த மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். கவரை அப்படியே பீரோவில் வைத்திருக்கிறேன். உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். இத்தனை வருடம் வேறு ஒருவர்மேல் வந்த கோபம் அது.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் போகிறேன். நீ வந்தால் என் பக்கத்தில் நில், வராவிட்டாலும் நான் போய்விடுவேன். அந்தப் பிள்ளைகள் முன்னால் என்ன சொல்வது என்று நேற்றிலிருந்து எழுதிப் பார்க்கிறேன், நான்கு காகிதம் கிழித்தாயிற்று. எதை எழுதினாலும் சர்வே எண்ணும் செக்குபந்தியும் நடுவில் வந்து நிற்கின்றன. உனக்கு எழுதினால் சரியாக வரும் என்று நினைத்துத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். எழுதி முடிக்கும்போது இவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறது, இதையே அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாத்தா தனக்கோட்டி எதையும் திருடவில்லை. அவர் நாளெல்லாம் ரோட்டில் நின்று கூப்பிட்டார். நான்தான் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

அப்பா